ஜெஃபர்சன் கம்பெனிகளைப் பற்றி உண்மையில் என்ன சொன்னார்? அரசுக்கும் கம்பெனிக்கும் ஆரம்பகால அமெரிக்கா போட்ட கடிவாளம்

வைகைக்கரை

வணக்கம். மேலூர்ப் பக்கம் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி போனில் வந்த படம் ஒன்றைக் காட்டினாள். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் ஜெஃபர்சன் முகம், கீழே பெரிய எழுத்தில் ஒரு மேற்கோள். நாணயத்தை வெளியிடும் அதிகாரத்தைத் தனியார் வங்கிகளிடம் மக்கள் விட்டுவிட்டால், முதலில் பணவீக்கத்தாலும் பிறகு பணவாட்டத்தாலும் வங்கிகளும் அவற்றைச் சுற்றி வளரும் கார்ப்பரேஷன்களும் மக்களின் சொத்தை முழுக்கப் பறித்துவிடும், பிள்ளைகள் வீடில்லாமல் நிற்பார்கள் என்று போகிறது. "சார், இதைக் கட்டுரையில் எழுதலாமா?" என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

இது அவர் சொன்னதுதானா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவை உருவாக்கிய தலைமுறை அரசின் கையைக் கட்டிவைக்க நினைத்தது என்று பாடத்தில் சொல்கிறோம். அதிகாரப் பிரிவினை, உரிமைச் சாசனம் எல்லாம் அதற்குத்தான். கம்பெனிகளைப் பற்றி அவர்களுக்கு ஏதாவது கருத்து இருந்ததா? சந்தைக்கு முழுச் சுதந்திரம் வேண்டும் என்பவர்களும் அவர்களைத்தான் காட்டுகிறார்கள், கார்ப்பரேட்டை எதிர்ப்பவர்களும் அவர்களைத்தான் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிவிடக் கூடாது. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பழைய_ஏடு

அந்த மேற்கோள் போலி. கட்டுரையில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பணவீக்கம், பணவாட்டம் என்ற இரட்டைச் சொற்கள் அந்தப் பொருளில் ஜெஃபர்சன் காலத்தில் புழங்கவே இல்லை. அவர் இறந்தது 1826. பணவாட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 20-ஆம் நூற்றாண்டில்தான் வழக்குக்கு வந்தது. அவருடைய கடிதங்கள் எதிலும் இந்தப் பத்தி இல்லை.

ஆனால் அதை எழுதியவர் ஜெஃபர்சனின் நிஜமான வாக்கியங்களைப் பார்த்துத்தான் ஜோடித்திருக்கிறார். 1816 மே 28 அன்று ஜான் டெய்லருக்கு எழுதிய கடிதத்தில், வங்கி நிறுவனங்கள் நிலையான ராணுவத்தைவிட (போர் இல்லாதபோதும் கலைக்காமல் வைத்திருக்கும் படை) ஆபத்தானவை என்று தாம் உண்மையாகவே நம்புவதாகச் சொல்கிறார். வருங்காலத் தலைமுறை அடைக்கட்டும் என்று கடன் வாங்கிச் செலவழிப்பது அந்தத் தலைமுறையைப் பெரிய அளவில் ஏமாற்றுவது என்பதும் அதே வாக்கியத்தில் வருகிறது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று ஜார்ஜ் லோகனுக்கு எழுதிய கடிதம் இன்னும் காரமானது. நமது பணக்கார கார்ப்பரேஷன்களின் பிரபுத்துவத்தைப் பிறக்கும்போதே நசுக்கிவிடுவோம் என்று நம்புகிறேன், அவை இப்போதே அரசைப் பலப்பரீட்சைக்கு அழைக்கின்றன, நாட்டின் சட்டங்களை எதிர்த்து நிற்கின்றன என்கிறார். இந்த இரண்டையும் தாராளமாக எழுதலாம்.

இன்னொரு எச்சரிக்கை. "குறைவாக ஆளும் அரசே சிறந்த அரசு" என்பதையும் அவர் பெயரில் போடுகிறார்கள். அதுவும் அவருடையது இல்லை. 1837-இல் ஒரு அரசியல் மாத இதழ் ஏறக்குறைய அந்தச் சொற்களில் தன் கொள்கையாக அச்சிட்டது. ஒரு போலி கம்பெனிகளை எதிர்ப்பவர்களுக்கு வசதி, இன்னொன்று அரசை எதிர்ப்பவர்களுக்கு வசதி. இரண்டு கோபமும் ஒரே மனிதரிடம் ஏன் இருந்தன என்பதை இந்தப் படங்கள் சொல்வதில்லை.

செங்காடு

ஒரே மனிதரிடம் ஏன் இருந்தன என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். என் கணக்கில் அவர் பெரிய பண்ணையார். வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். பண்ணையாருக்கு வங்கிக்காரன்மேல் வரும் கோபம் அது. அதற்குக் கொள்கை என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

நெய்தல்

சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், என் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

முதலில் 'கார்ப்பரேஷன்' என்ற சொல். நம் ஊரில் கார்ப்பரேஷன் என்றால் யாரும் கம்பெனியை நினைப்பதில்லை. குப்பை வண்டியும் தண்ணீர் வரியும்தான் நினைவுக்கு வரும், அதாவது மாநகராட்சி. அந்தப் பொருள்தான் பழசு. 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலும் நகரம், தேவாலயம், கல்லூரி, தர்ம ஸ்தாபனம், பாலம் கட்டும் குழு எல்லாம் கார்ப்பரேஷன்தான். பலர் சேர்ந்த ஒரு கூட்டத்தைச் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆளாக்கி, அதற்கு ஒரு வேலையும் சில அதிகாரங்களும் எழுதிக்கொடுக்கும் சாசனம் வேண்டும். அரசரோ சட்டமன்றமோதான் அதைக் கொடுக்க முடியும். நம் சென்னை மாநகராட்சியும் 1688-இல் அப்படி ஒரு சாசனத்தால் தொடங்கியதுதான். அதைக் கொடுத்தது ஒரு கம்பெனி, கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போது கோட்டையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் கல்லூரிக்கு 1718-இல் வைத்தது அவர் பெயரைத்தான்.

இந்தப் பின்னணி தெரிந்தால் மற்றது புரியும். அமெரிக்கக் குடியேற்றங்கள் சிலவும் கம்பெனிகளாகவே பிறந்தவை. வர்ஜீனியா கம்பெனிக்கு 1606-இல் சாசனம். அந்தக் கம்பெனி கூட்டியதுதான் 1619-இல் அங்கே கூடிய முதல் பிரதிநிதிகள் சபை. 1624-இல் அரசர் சாசனத்தைப் பிடுங்கிக்கொண்டார். மாசசூசெட்ஸ் பே கம்பெனியின் 1629 சாசனத்தில் ஒரு ஆளுநர், ஒரு துணை ஆளுநர், 18 உதவியாளர்கள், அப்புறம் உறுப்பினர்களின் பொதுக்கூட்டம். இன்றைய கம்பெனியில் தலைவர், இயக்குநர்கள், பங்குதாரர் கூட்டம் இருக்கிற மாதிரியே. அடுத்த ஆண்டு அந்தச் சாசனத் தாளையே கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா வந்துவிட்டார்கள். பங்குதாரர் கூட்டம் சட்டமன்றமானது. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு இன்றும் அதிகாரபூர்வப் பெயர் 'ஜெனரல் கோர்ட்'. கம்பெனிக் கூட்டத்தின் பெயர் அது.

ஆக, அந்த மக்களுக்கு அரசும் கம்பெனியும் ஒரே வார்ப்பு. மனிதர்கள் எழுதி உண்டாக்கியவை இரண்டும். தாளில் என்ன அதிகாரம் இருக்கிறதோ அதுதான் உண்டு, எழுதாதது இல்லை. செங்காடு தோழர் சொல்வது தப்பில்லை, பண்ணையார்கள்தான். ஆனால் இந்த எண்ணம் பண்ணையாருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1780 மாசசூசெட்ஸ் அரசமைப்பின் ஆறாவது பிரிவைப் பாருங்கள். பொதுமக்களுக்குச் செய்த சேவையைக் காரணமாகக் காட்டாமல், எந்த மனிதருக்கும், எந்தக் கார்ப்பரேஷனுக்கும், எந்தச் சங்கத்துக்கும் சமூகத்தின் மற்றவர்களுக்கு இல்லாத தனிச்சலுகை கிடையாது என்கிறது. அந்த மாநிலத்தின் ஊர்க்கூட்டங்களில் வாசித்து, விவாதித்து, வாக்கெடுத்து ஏற்ற அரசமைப்பு அது. அதற்கு முன்பே 1776-இல் மேரிலாந்து, ஏகபோகங்கள் வெறுக்கத்தக்கவை, சுதந்திர அரசின் தன்மைக்கு எதிரானவை என்று தன் உரிமைப் பிரகடனத்தில் எழுதிவிட்டது. வட கரோலினாவும் அதே ஆண்டு ஏறக்குறைய அதையே எழுதியது.

வைகைக்கரை

அக்கா, ஜெனரல் கோர்ட் விஷயம் எனக்குப் புதிது. அப்படியென்றால் பாஸ்டன் தேநீர் விவகாரம் வரியை எதிர்த்து நடந்தது மட்டுமில்லை என்று வருகிறதே? பாடப் புத்தகத்தில் "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறோம்.

பழைய_ஏடு

வரியும்தான். ஆனால் 1773 தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைத்தது, கூட்டவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது திவால் நிலையில் இருந்தது. 1769-இல் ஹைதர் அலி சென்னை வாசல் வரை வந்து உடன்படிக்கை எழுத வைத்த செய்தி லண்டனுக்குப் போனதும் அதன் பங்குகள் சரிந்தன. அடுத்து வங்காளப் பஞ்சம். 1772-இல் லண்டன் கடன் நெருக்கடி. கிடங்குகளில் கோடிக்கணக்கான பவுண்டு எடையுள்ள தேயிலை தேங்கிக் கிடந்தது. பிரிட்டிஷ் அரசு கம்பெனிக்கு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. கூடவே, இடைத்தரகர் இல்லாமல் அமெரிக்காவுக்கு நேரடியாக அனுப்பி, தான் பொறுக்கியெடுத்த சில வியாபாரிகள் வழியாக மட்டும் விற்கும் சலுகையையும் கொடுத்தது. பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி அப்படியே இருந்தது. அரசும் கம்பெனியும் ஒரே கையாக வந்து நிற்பதை அங்கே கண்ணால் பார்த்தார்கள்.

அந்த நவம்பரில் ஜான் டிக்கின்சன் என்ற அமெரிக்க அரசியல் எழுத்தாளர் 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நாம் எல்லோரும் படிக்க வேண்டியது. ஆசியாவில் இந்தக் கம்பெனியின் நடத்தையைப் பாருங்கள் என்கிறார். நாடுகளின் சட்டத்தையோ மனிதர்களின் உரிமையையோ உயிரையோ அவர்கள் மதிக்கவில்லை என்கிறார். ஒரே ஆண்டில் 15 லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்களாம், நிலம் விளையாமல் இல்லை, கம்பெனியும் அதன் ஊழியர்களும் உணவுப்பொருளை வளைத்துப் போட்டு ஏழைகள் வாங்க முடியாத விலை வைத்தார்கள் என்கிறார். வங்காளத்தில் செத்தவர்களின் கதை பிலடெல்பியாவில் அச்சாகிறது. மூன்று வாரத்தில், டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து 340-க்கும் மேற்பட்ட தேயிலைப் பெட்டிகள் கடலுக்குள் போகின்றன.

இப்போது 1787. அமெரிக்க அரசமைப்பை எழுதிய பிலடெல்பியா மாநாடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, செப்டம்பர் 14 அன்று, கால்வாய் வெட்டும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கலாம் என்றார் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அதை விரித்து, கார்ப்பரேஷன் சாசனம் வழங்கும் அதிகாரமாக்கலாம் என்றார் பின்னாளில் அதிபரான மேடிசன். ரூஃபஸ் கிங் உடனே பயந்தார். பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் இது வங்கி தொடங்கத்தான் என்பார்கள், மற்ற ஊர்களில் ஏகபோகத்துக்கு என்பார்கள் என்றார். ஜார்ஜ் மேசன் கால்வாயோடு நிறுத்துங்கள் என்றார், அவருக்கும் ஏகபோகம் பற்றிய பயம்தான். கடைசியில் கால்வாய் மட்டும் வாக்கெடுப்புக்குப் போய் 8-க்கு 3 என்று தோற்றது. அமெரிக்க அரசமைப்பில் கார்ப்பரேஷன் என்ற சொல்லே கிடையாது.

பாரிசிலிருந்த ஜெஃபர்சன் அதைப் படித்துவிட்டு டிசம்பர் 20 அன்று மேடிசனுக்கு எழுதுகிறார். உரிமைப் பட்டியல் இல்லையே என்று குறைபட்டு, மதச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம், நிலையான ராணுவத்திலிருந்து பாதுகாப்பு, அதோடு சேர்த்து ஏகபோகங்களுக்குத் தடை என்று கேட்கிறார். ஒரே மூச்சில். மறு ஆண்டு அக்டோபர் 17 அன்று மேடிசன் பதில் எழுதுகிறார். ஏகபோகம் அரசாட்சியின் பெரிய தொல்லைகளில் ஒன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூல்களுக்கும் கண்டுபிடிப்புகளுக்கும் ஊக்கம் கொடுக்க அதை முற்றாக விட முடியுமா? அதிகாரம் சிலர் கையில் இருக்கும் நாட்டில்தான் சிலருக்குச் சலுகை போகும், நம் நாட்டில் அதிகாரம் பலர் கையில் இருக்கிறது, ஆபத்து பெரிதில்லை என்கிறார்.

இங்கேதான் மேடிசனின் கணிப்பு தவறிப்போனது என்பேன். பலர் கையில் அதிகாரம் இருந்தாலும் அந்தப் பலரின் பிரதிநிதிகளை வாங்க முடியும் என்பது ஏழே ஆண்டில் தெரிந்துவிட்டது. யாசூ நில ஊழலைச் சொல்கிறேன். நெய்தல் மேடம் அதை எழுதினால் நன்றாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை

ஆடிட்டர் அலுவலகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன். கம்பெனி பதியும்போது மெமோரண்டத்தில் நோக்கம் என்று ஒரு பகுதி எழுதுவோம். இப்போதெல்லாம் அதில் உலகத்துத் தொழில் அத்தனையும் வருகிற மாதிரி எழுதிவிடுவது வழக்கம். அந்த ஒரு பகுதிக்குள் எவ்வளவு பெரிய சண்டை ஒளிந்திருக்கிறது என்று எனக்குக் காட்டியது நியூயார்க்கின் மன்ஹாட்டன் கம்பெனி கதைதான்.

1798-இல் நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல், இரண்டாயிரம் பேர் போல இறந்தார்கள். நல்ல தண்ணீர் இல்லாததுதான் காரணம் என்று ஊரே நம்பியது. அடுத்த ஆண்டு ஏரன் பர் என்ற அரசியல்வாதி, ஊருக்குக் குடிநீர் கொண்டுவர ஒரு கம்பெனி என்று சட்டமன்றத்துக்குப் போகிறார். மூலதனம் 20 லட்சம் டாலர் வரை. நகரத்தில் அப்போது இருந்த இரண்டு வங்கிகளும் எதிர்க்கட்சியின் செல்வாக்கில் இருந்தன. பர் நேராக வங்கிச் சாசனம் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அதனால் தண்ணீர்ச் சாசனத்தின் உள்ளே ஒரு வரி சேர்க்கிறார். தண்ணீர் வேலைக்குப் போக மீதி இருக்கும் மூலதனத்தைச் சட்டத்துக்கு விரோதமில்லாத எந்தப் பணப் பரிவர்த்தனையிலும் போடலாம் என்று. கூட்டத்தொடர் முடிகிற அவசரத்தில் சாசனம் நிறைவேறியது.

1799 செப்டம்பரிலேயே வால் ஸ்ட்ரீட்டில் வங்கி திறந்தாகிவிட்டது. தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? வெளியூர் ஆற்றிலிருந்து கொண்டுவருவதாக இருந்த திட்டத்தைக் கைவிட்டு, ஊருக்குள்ளேயே கிணறு தோண்டி, சேம்பர்ஸ் தெருவில் சின்ன நீர்த்தேக்கம் ஒன்று கட்டி, பைன் மரத்தைத் துளைத்துக் குழாயாக்கி மண்ணுக்கடியில் போட்டார்கள். அந்த மரக்குழாய்கள் பின்னாளில் சாலை தோண்டும்போது கிடைத்திருக்கின்றன. 1832-இல் காலரா வந்தபோது மூவாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். குரோட்டன் நதியிலிருந்து நல்ல தண்ணீர் நகரத்துக்கு வந்தது 1842-இல், அதையும் நகரமே செலவழித்துக் கொண்டுவந்தது. வங்கி மட்டும் செழித்தது. இன்றைய ஜேபி மோர்கன் சேஸின் மூதாதை அதுதான்.

மீதிப் பணம் பற்றிய ஒரு வரி. நாற்பது ஆண்டுத் தாகம். அதற்குப் பிறகு வந்த பல சாசனங்களில் 'வங்கித் தொழில் செய்யக் கூடாது' என்று தனியாக ஒரு வரி எழுதத் தொடங்கினார்கள். அன்றைய சாசனங்களைப் படித்தால் எத்தனை அடி அகலப் பாலம், எவ்வளவு சுங்கம், எத்தனை ஆண்டு, எவ்வளவு நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று அளந்து அளந்து எழுதியிருப்பார்கள். பட்டுப் பட்டு எழுதியது அது.

ஹட்சன்_நதி

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பேட்டர்சன் ஊரில் பசாயிக் நதி 77 அடி உயரத்திலிருந்து விழும் அருவி உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போவேன், குற்றாலம் பார்த்தவர்களுக்கும் பிடிக்கும். அருவியைப் பார்த்தபடி, இங்கே ஆலைகள் வர முன்னின்ற அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன் சிலை நிற்கும். அருவித் தண்ணீரைத் திருப்பிவிட்ட கல் வாய்க்கால்கள், பழைய மில் சுவர்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன. என் அப்பா வாய்க்கால் ஓரம் நின்று, கையால் கல் இணைப்பைத் தடவிப் பார்த்து, "இது யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

1791-இல் நியூ ஜெர்சி கொடுத்த சாசனம் அது. உபயோகமான உற்பத்திகளை நிறுவும் சங்கம் என்ற கம்பெனி. பத்து ஆண்டு வரிவிலக்கு, லாட்டரி நடத்திப் பணம் திரட்டும் உரிமை, நதித் தண்ணீரின் மேல் உரிமை. அதற்கு எதிராகக் கடுமையாக எழுதியவர்களில் ஒருவர் பிலடெல்பியா அருகே விவசாயம் செய்த மருத்துவர் ஜார்ஜ் லோகன். மேலே பழைய_ஏடு ஐயா சொன்ன 1816 கடிதம் போனது இவருக்குத்தான். தனித்தனியாக வீட்டில் நெசவு செய்யும் கைவினைஞன், சட்டமன்றம் கைதூக்கிவிட்ட ஒரு கம்பெனியோடு எப்படிப் போட்டி போடுவான் என்பது அவர் கவலை. கம்பெனியின் தலைவர் வில்லியம் டூவர் 1792 பங்குச் சூதாட்டத்தில் கவிழ்ந்து கடன்காரர் சிறைக்குப் போனார். 1796-இல் ஆலை வேலை நின்றது. ஆனால் சாசனம் சாகவில்லை. தண்ணீர் உரிமையையும் நிலத்தையும் வாடகைக்கு விட்டே அந்தக் கம்பெனி 1945 வரை இருந்தது. அந்த ஆண்டுதான் பேட்டர்சன் நகரம் அதை விலைக்கு வாங்கியது. அப்பா கேட்ட கேள்விக்கு 150 ஆண்டுக்கும் மேல் ஒரே பதில் இருந்திருக்கிறது.

நெய்தல்

யாசூ பற்றி.

1795 ஜனவரியில் ஜார்ஜியா மாநில சட்டமன்றம் மேற்கே சுமார் 3.5 கோடி ஏக்கர் நிலத்தை நான்கு கம்பெனிகளுக்கு 5 லட்சம் டாலருக்கு விற்றது. ஏக்கர் ஒன்றரை சென்ட்கூட இல்லை. ஆதரித்து வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அந்தக் கம்பெனிகளில் பங்கு இருந்தது. அந்த நிலத்தில் கிரீக், சாக்டா, சிக்கசா, செரோக்கி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்ததும் மாநிலமே கொதித்தது. ஜேம்ஸ் ஜாக்சன் அமெரிக்க செனட் பதவியை ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினார், மாநில சட்டமன்றத்துக்கு நின்று வென்றார். 1796 பிப்ரவரியில் விற்பனையை ரத்து செய்தார்கள். லூயிவில் என்ற ஊரில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் அந்தச் சட்டத்தின் தாள்களை வைத்து எரித்தார்கள். பதிவேடுகளிலிருந்தும் அதை நீக்க உத்தரவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. நிலம் அதற்குள் கைமாறிப் பல ஊர்க்காரர்களிடம் போயிருந்தது. 1810-இல் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பு: விற்பனை ஒரு ஒப்பந்தம், ஒப்பந்தக் கடமையை எந்த மாநிலமும் குலைக்கக் கூடாது என்று அரசமைப்பு சொல்கிறது, எனவே ரத்து செல்லாது. கவனியுங்கள், அந்தப் பிரிவு மாநில அரசுகளின் கையைக் கட்டுவதற்காக எழுதியது. லஞ்சத்தில் பிறந்த விற்பனைக்கு அது கவசமானது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் டார்ட்மவுத் கல்லூரியின் சாசனத்தை மாற்றப் பார்த்தது; அதை எதிர்த்த 1819 வழக்கில் அதே வாதம் சாசனத்துக்கும் நீண்டது. கார்ப்பரேஷன் என்பது கண்ணுக்குத் தெரியாத, தொட முடியாத, சட்டத்தின் எண்ணத்தில் மட்டும் இருக்கிற செயற்கைப் பிறவி என்ற புகழ்பெற்ற வாக்கியம் அந்தத் தீர்ப்பில்தான். செயற்கைப் பிறவி என்று சொல்லிக்கொண்டே, அதன் சாசனத்தை ஒருதலையாக மாற்ற முடியாது என்றும் சொல்கிறது. அந்தக் கல்லூரிச் சாசனம் 1769-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் கொடுத்தது. இறந்தவர்கள் வாழ்கிறவர்களைக் கட்டிப்போடக் கூடாது என்று ஜெஃபர்சன் 1816-லேயே நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநருக்கு எழுதியது இந்தக் கல்லூரி விவகாரத்தில்தான்.

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. நீதிபதி ஸ்டோரி அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வழி காட்டியிருந்தார். இந்தச் சாசனத்தை மாற்றவும் ரத்து செய்யவும் சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு என்று சாசனத்திலேயே எழுதிவைத்தால் தடையில்லை. பிறகு மாநிலங்கள் அதையே எழுதத் தொடங்கின. 1837-இல் சார்லஸ் நதிப் பாலம் வழக்கு. பாஸ்டனுக்கும் சார்லஸ்டவுனுக்கும் நடுவே 1786-இல் திறந்த சுங்கப் பாலம் அது, நல்ல லாபம். பக்கத்திலேயே, போட்ட காசு திரும்பியதும், அதிகபட்சம் ஆறு ஆண்டில், இலவசமாகிவிடும் இன்னொரு பாலத்துக்கு 1828-இல் சட்டமன்றம் அனுமதி கொடுத்தது. எங்கள் உரிமை போயிற்று என்று பழைய கம்பெனி வழக்குப் போட்டது. உங்களுக்கு மட்டும்தான் பாலம் என்று சாசனத்தில் எழுதியிருக்கிறதா, எழுதாத உரிமையை ஊகித்துக் கொடுக்க முடியாது, சமூகத்துக்கும் உரிமைகள் உண்டு என்றார் தலைமை நீதிபதி டானி. 4-க்கு 3 தீர்ப்பு. ஸ்டோரி எதிர்த்தரப்பில்.

செங்காடு

அக்கா, இதே டானிதானே 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று எழுதினார்? 'சமூகத்துக்கும் உரிமைகள் உண்டு' என்றவரின் சமூகத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதிதான்.

இரண்டாவது, எல்லோரும் கம்பெனி எதிர்ப்பாளர்கள் என்ற தோற்றமும் வேண்டாம். 1785-இல் பென்சில்வேனியா சட்டமன்றம் நார்த் அமெரிக்கா வங்கியின் சாசனத்தை ரத்து செய்தபோது, வங்கிக்காக வாதாடியவர் தாமஸ் பெயின். அரசர்களை எதிர்த்து அவ்வளவு எழுதியவர். 1787-இல் சாசனத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், 14 ஆண்டு என்ற வரம்போடு. 1791-இல் அமெரிக்க வங்கி மசோதாவை, கொடுக்காத அதிகாரம் என்று எதிர்த்துப் பேசிய மேடிசனே, அதிபராக 1816-இல் இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்துப் போட்டார்.

பழைய_ஏடு

இரண்டையும் ஏற்கிறேன் தோழர், வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த 1791 அமெரிக்க வங்கியின் சாசனத்தில் ஒன்றைப் பாருங்கள். அதை உருவாக்கிய ஹாமில்டன்கூட 20 ஆண்டு ஆயுள் வைத்தார், எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஆளுக்கு 30 வாக்குக்கு மேல் கிடையாது. கம்பெனியை ஆதரித்தவரும் வரம்பில்லாத கம்பெனியைக் கேட்கவில்லை. 1811-இல் புதுப்பிக்கும் மசோதா செனட்டில் சமமாகி, துணை அதிபர் ஜார்ஜ் கிளின்டனின் ஒரே வாக்கில் தோற்றது.

வரம்புகள் எப்படிப் போயின என்பதுதான் எனக்கு மனம் கனக்கும் இடம். ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபராக இருந்த காலத்தில் சாதாரண மக்கள் கேட்டது நியாயமானது. சட்டமன்றத்தில் ஆள் இருப்பவனுக்குத்தான் சாசனம் என்றால் அதுவே லஞ்சத்தின் ஊற்று, எனவே எல்லோருக்கும் ஒரே பொதுச் சட்டத்தில் கொடு என்றார்கள். நியூயார்க் 1811-இல் உற்பத்திக் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு சட்டம் போட்டது. அதிலும் ஒரு லட்சம் டாலர், 20 ஆண்டு என்று வரம்பு. 1837-இல் கனெக்டிகட் கதவை அகலத் திறந்தது. சலுகையை ஒழிக்கத் திறந்த கதவு அது. ஆனால் ஒவ்வொரு சாசனமாக உட்கார்ந்து, இந்த வேலை எதற்கு, எத்தனை ஆண்டு என்று கேட்ட இடமும் அதோடு போய்விட்டது. நூற்றாண்டின் கடைசியில் நியூ ஜெர்சி, ஒரு கம்பெனி மற்றக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டதும் பெரிய கம்பெனிகள் அங்கே போய்ப் பதிந்தன.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் போலி மேற்கோளையும் லோகன் கடிதத்தின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டேன். எது நிஜம் என்று கேட்டதற்கு முக்கால்வாசிப் பேர் போலியைத்தான் காட்டினார்கள். படம் காட்டிய மாணவி மட்டும், பணவீக்கம் என்ற சொல் பழசாகத் தெரியவில்லையே என்றாள். டிரெட் ஸ்காட், அறுநூறு பேர், நிலம் பறிபோன மக்கள் எல்லாம் சொன்னேன். மன்ஹாட்டன் கம்பெனி கதையில் வகுப்பு அமைதியாகிவிட்டது.

நாளைக்கு மாசசூசெட்ஸ் ஆறாவது பிரிவைத் தமிழில் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நெய்தல் அக்கா, சரிபாருங்கள்: "பொதுமக்களுக்குச் செய்த சேவையால் கிடைக்கும் பட்டம் தவிர, எந்த மனிதருக்கும், கார்ப்பரேஷனுக்கும், மனிதர்களின் சங்கத்துக்கும், சமூகத்தினின்று வேறான ஆதாயங்களையோ தனிச்சலுகைகளையோ பெற வேறு பட்டம் இல்லை."

நெய்தல்

தம்பி, 'பட்டம்' வேண்டாம். ராவ் பகதூர் பட்டம் மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் பத்திரத்தில் வருகிற பொருள், ஒன்றைத் தனக்கென்று கேட்பதற்கான ஆதாரம். 'உரிமைமூலம்' என்று போடுங்கள், நிலப் பத்திரம் பார்த்த பிள்ளைகளுக்கு உடனே புரியும். 'கார்ப்பரேஷன்' என்பதை அப்படியே விட்டுவிட்டு, மாநகராட்சி, தேவாலயம், வங்கி எல்லாம் அதற்குள் அடங்கும் என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

வைகைக்கரை

மாற்றிவிட்டேன் அக்கா. உரிமைமூலம். நாளை அப்படியே போர்டில் எழுதுகிறேன்.